அப்பாவை 'ஹீ' என்று எழுத மறுத்த வகுப்பு: ஆங்கிலப் பிரதிப்பெயர் கற்பித்தலில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வு, 2024-25 கல்வியாண்டில் தென்மாவட்டம் ஒன்றிலுள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பைப் பற்றியது. வகுப்பாசிரியை இடைநிலை ஆசிரியை. எல்லாப் பாடங்களும் அவர் பொறுப்பு. வட்டார வளமையத்தின் ஆசிரியர் பயிற்றுநர் என்ற முறையில் நான் அந்த வகுப்புக்குப் போய்வந்தேன். பாடங்களைச் சேர்ந்து திட்டமிட்டோம். நடத்தியது பெரும்பாலும் அவரே. பள்ளியின் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் இங்கே தவிர்த்திருக்கிறேன்.

இந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவர்கள் முதல் வகுப்பில் சேர்ந்தது 2020இல். பள்ளி பூட்டிக் கிடந்த ஆண்டு அது. தமிழகத்தில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறக்கப்பட்டன. ஆக, முதல் வகுப்பு முழுவதும் வீட்டிலேயே கழிந்தது. இரண்டாம் வகுப்பிலும் பாதிதான் கிடைத்தது. 2022இல், தொடக்க வகுப்புகளில் அடிப்படை வாசிப்பையும் கணக்கையும் ஈடுகட்ட எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபோது மூன்றாம் வகுப்பில் இருந்தார்கள். எழுத்துக் கூட்டி வாசிப்பதில் பெரும்பாலோர் தேறிவிட்டார்கள். ஆனால் வாக்கியங்களைக் கோத்து ஒரு பத்தியாகப் பார்க்கும் பழக்கம் அவர்களிடம் மெலிந்தே இருந்தது.

முதலில் கண்டது

ஆகஸ்டில் ஆசிரியை ஒரு குறையைச் சொன்னார்: "கோடிட்ட இடத்தை நிரப்பு என்றால் எல்லாரும் சரியாகப் போடுகிறார்கள் சார். சொந்தமாக எழுதச் சொன்னால் ஹீயும் ஷீயும் எங்கே போகின்றன என்றே தெரியவில்லை."

நோட்டுகளைப் பார்த்தபோது அவர் சொன்னது சரியாகவே இருந்தது. "ராஜா இஸ் எ பாய். ____ இஸ் டால்" என்ற வகைப் பயிற்சிகளில் தவறு அரிது. அதே நோட்டில் நான்கு பக்கம் தள்ளி, தாமாக எழுதிய கட்டுரையில் தவறுகள் மண்டிக் கிடந்தன. எல்லாம் ஒரே வகைத் தவறுகளும் அல்ல.

சிலர் பிரதிப்பெயரையே விட்டிருந்தார்கள். "மை ஃபாதர் கோ டு ஃபீல்ட். கம் ஈவினிங். ஈட் டின்னர்." இதைத் தமிழில் படித்தால் ஒரு குறையும் தெரியாது: அப்பா வயலுக்குப் போவார், சாயங்காலம் வருவார், சாப்பிடுவார். தமிழ் வினைமுற்றின் கடைசியிலேயே ஆள் உட்கார்ந்திருக்கிறார். தனியாக எழுவாய் தேவையில்லை. பிள்ளைகள் அந்தப் பழக்கத்தில் எழுதியிருந்தார்கள்.

ஒரு பையன் "ராஜா அண்ட் ஹெர் சிஸ்டர்" என்று எழுதியிருந்தான். இதைத் தாய்மொழியின் தாக்கம் என்று தள்ளிவிட முடியாது. தமிழிலும் 'அவனுடைய தங்கை' என்றுதான் சொல்கிறோம். உடையவரைப் பார்த்துத்தான் சொல் அமைகிறது. அவன் பக்கத்தில் இருந்த 'சிஸ்டர்' என்ற சொல்லைப் பார்த்து ஹெர் போட்டிருக்கிறான். எல்லாத் தவறையும் தமிழின் தலையில் கட்டுவது நம் பயிற்சி வகுப்புகளில் ஊறிப்போன வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு மாணவன் தன் தங்கையை 'இட்' என்று எழுதியிருந்தான். தெலுங்கில் ஒருமை வினைமுற்று, பெண்ணுக்கும் அஃறிணைக்கும் ஒன்றே. 'வச்சிந்தி' என்றால் அவள் வந்தாள் என்றும் பொருள், அது வந்தது என்றும் பொருள். காரணம் அதுவாக இருக்கலாம். பாப்பா தூங்குகிறது, பாப்பா அழுகிறது என்று தமிழ் வீட்டிலும்தான் சொல்கிறோம் என்பதால் நான் இதை அறுதியிடவில்லை.

வாசிப்பில் என்ன நடக்கிறது என்று பார்க்க, ஆசிரியை கரும்பலகையில் மூன்று வாக்கியங்கள் எழுதினார்: "தி பாய்ஸ் சா சம் மங்கீஸ் ஆன் தி ட்ரீ. தே த்ரூ ஸ்டோன்ஸ் அட் தெம். தே ரான் அவே." கல்லெறிந்தது யார் என்று கேட்டோம். பாதிப் பேர் "குரங்கு" என்றார்கள். முதல் வாக்கியத்தில் 'தே'வுக்குப் பக்கத்தில் இருப்பது குரங்குதானே. ஒரு சிறுமி இன்னும் ஒரு படி போய், "குரங்கு தொப்பியை எறியும் சார்" என்றாள். பலகையில் தொப்பியே இல்லை. அவள் பலகையை வாசிக்கவில்லை. தனக்குத் தெரிந்த குல்லா வியாபாரி கதையை வாசித்துக்கொண்டிருந்தாள். ஓடியது யார் என்ற கேள்விக்கு வகுப்பே இரண்டுபட்டது.

சுவரில் இருந்த அட்டவணை

எங்களைக் குழப்பியது வேறொன்று. பெயரையே திரும்பத் திரும்ப எழுதுகிறவர்கள் சிலர் இருந்தார்கள். ஒரு சிறுமியின் 'மை ஃபாதர்' கட்டுரையில் எல்லா வரியும் 'மை ஃபாதர்' என்றே தொடங்கியது. பிரதிப்பெயர் தெரியவில்லை என்று குறித்துக்கொண்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் அவளே எழுதிய 'மை ஃபிரண்ட்' கட்டுரையைப் புரட்டினால், இரண்டாம் வரியிலிருந்து 'ஷீ' தடையின்றி வருகிறது. தோழிக்கு வருவது அப்பாவுக்கு ஏன் வரவில்லை?

ஆசிரியை அவளை அருகில் அழைத்துக் கேட்டார். "ஏம்மா, இங்கே ஹீ போடலாமே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாவை அப்படிச் சொல்லக் கூடாது டீச்சர்" என்றாள்.

அவள் பார்வை போன திசையில் சுவரில் ஒரு சார்ட் ஒட்டியிருந்தது. பல பள்ளிகளில் நான் பார்த்திருக்கும் அதே சார்ட்: ஐ – நான், வீ – நாங்கள், யூ – நீ, ஹீ – அவன், ஷீ – அவள், இட் – அது, தே – அவர்கள். அப்பாவை 'அவன்' என்று எந்தப் பிள்ளை எழுதும்? எழுதினால் வீட்டில் விடுவார்களா? அந்தச் சிறுமி இலக்கணம் தெரியாமல் தவிர்க்கவில்லை; சார்ட் சொன்னதை அப்படியே நம்பி, மரியாதையைக் காப்பாற்றிக்கொண்டாள்.

இந்தக் கண்ணோடு நோட்டுகளை மறுபடி பார்த்தபோது பல தவறுகளுக்கு விடை கிடைத்தது. அம்மா, அப்பா, தாத்தா, தலைமையாசிரியர் பற்றிய கட்டுரைகளில்தான் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. இன்னும் சிலர் வேறு வழி கண்டுபிடித்திருந்தார்கள்: "மை டீச்சர் இஸ் குட். தே டீச் மேத்ஸ்." 'அவர்கள்' என்பது நமக்குப் பன்மை மட்டுமல்ல, மரியாதையும்தான். சார்ட்டில் மரியாதையுள்ள ஒரே சொல் 'அவர்கள்'. அதற்கு நேரே இருப்பது 'தே'. பிள்ளைகளின் கணக்கில் பிழையில்லை.

ஆங்கிலத்தில் ஒருவரைத் 'தே' என்று சொல்லும் வழக்கம் 14ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுத்தில் உண்டு. ஆள் யாரென்று தெரியாதபோது "சம்ஒன் லெஃப்ட் தேர் அம்ப்ரெல்லா" என்பது இன்றும் இயல்பான ஆங்கிலம். அதனால் 'தே' ஒருமைக்கு வரவே வராது என்று வகுப்பில் சொல்லிவிட வேண்டாம் என்று ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டேன். மரியாதைக்காக ஆங்கிலத்தில் 'தே' போடுவதில்லை என்பது மட்டும் போதும்.

எடுத்த முடிவுகள்

முதல் வேலையாகச் சார்ட்டைக் கழற்றினோம். புதிய சார்ட்டில் ஹீ என்பதற்கு நேரே 'அவன், அவர்' என்றும், ஷீ என்பதற்கு நேரே 'அவள், அவர்' என்றும் எழுதினோம். 'வீ'க்கு நேரே நாம், நாங்கள் இரண்டும், 'யூ'வுக்கு நேரே நீ, நீங்கள் இரண்டும் வந்தன. இங்கிலாந்து அரசரையும் 'ஹீ' என்றுதான் செய்தித்தாளில் எழுதுவார்கள் என்று ஆசிரியை சொன்னபோது வகுப்பில் ஒரு சலசலப்பு. "ராஜாவையுமா டீச்சர்?" என்று ஒருவன் எழுந்தே நின்றுவிட்டான். அந்த வாரம் 'மை ஃபாதர்' கட்டுரையைத் திரும்ப எழுதச் சொன்னதில், அந்தச் சிறுமி மூன்றாம் வரியில் 'ஹீ' போட்டிருந்தாள். அதற்கு அடுத்த வரியில் மீண்டும் 'மை ஃபாதர்'. பழக்கம் ஒரே நாளில் விடாது.

அடுத்து, கோடிட்ட இடப் பயிற்சிகளைச் சில வாரங்களுக்கு நிறுத்தினோம். அந்தப் பயிற்சியில் பெயர் எப்போதும் ஒட்டினாற்போல் முன்னாலேயே இருக்கிறது. பிள்ளை யாரையும் தேட வேண்டியதில்லை. பாய் என்றால் ஹீ, கேர்ள் என்றால் ஷீ என்று மனப்பாடமாகப் போட்டுவிடலாம். நமக்குத் தேவைப்பட்டதோ, இரண்டு மூன்று ஆள்கள் நடமாடும் பத்தியில் யாரைப் பற்றிய பேச்சு என்று பின்தொடரும் திறன்.

அதற்கு முன்னால் தமிழில் ஒரு பாடம் நடத்த விரும்பினோம். ஆங்கிலப் பீரியடில் தமிழா என்று தலைமையாசிரியர் தயங்கினார். அவர் தயக்கத்திலும் நியாயம் உண்டு, ஆங்கிலம் காதில் விழுவதே அந்த நாற்பது நிமிடத்தில்தான். தொடக்கத்தில் பத்து நிமிடம் மட்டும் என்று ஒத்துக்கொண்டோம்.

பலகையில் ஆசிரியை எழுதியது இது: "மீனா சந்தைக்குப் போனாள். தேங்காய் வாங்கினாள். வழியில் அண்ணனைப் பார்த்தாள். சைக்கிளில் ஏற்றிக்கொண்டான்." சைக்கிளில் ஏற்றியது யார் என்று கேட்டார். "அண்ணன்!" என்று ஒரே குரல். எப்படித் தெரியும் என்றதற்கு யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. அது தெரிந்த விஷயம்தானே என்பதுபோல் பார்த்தார்கள். பிறகு 'ஏற்றிக்கொண்டான்' என்பதன் கடைசி எழுத்துகளைக் கையால் மறைத்து, "ஏற்றிக்கொண்ட..." என்று நிறுத்தினார். இப்போது யார்? வகுப்பு அமைதியானது. முன்வரிசைப் பையன் ஒருவன், "கையை எடுங்கள் டீச்சர், அதில்தான் இருக்கிறது" என்றான்.

அடுத்து 'டுக்' என்று ஆங்கிலத்தில் எழுதினார். இதில் எதை மறைப்பது? மறைக்க ஒன்றும் இல்லை. போனான், போனாள், போனது, போனார்கள் எல்லாவற்றுக்கும் 'வென்ட்' ஒன்றே. வாலில் ஆளைச் சுமக்காத வினை என்பதால் முன்னால் ஆளை நிறுத்தியாக வேண்டும் என்று பிள்ளைகளே சொன்னார்கள். பிரதிப்பெயரை விட்டெழுதும் தவறு, எனக்குத் தெரிந்து, இந்த ஒரு பாடத்துக்குப் பிறகுதான் கணிசமாகக் குறைந்தது.

அம்புக்குறிகள்

ஆசிரியை தாமே எழுதிய சிறு பத்திகளை நகலெடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு பிரதிப்பெயரையும் வட்டமிட்டு, அது சுட்டும் பெயர் வரை வண்ணப் பென்சிலால் அம்பு இழுக்க வேண்டும். 'தே' இரண்டு பேரைச் சுட்டினால் இரண்டு பெயரையும் சேர்த்துக் கட்டம் போட்டுவிட்டு இழுக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு இது பிடித்துப்போயிற்று. ஆனால் ஒரு வாரத்தில் இதன் எல்லை தெரிந்தது. யோசிக்காமல் பக்கத்திலுள்ள பெயருக்கு இழுத்துவிடலாம். கோடு அழகாக இருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை வேறு. எனவே ஒரு சோதனையைச் சேர்த்தோம்: அம்பு போய்ச் சேர்ந்த பெயரைப் பிரதிப்பெயரின் இடத்தில் வைத்து உரக்கப் படி, கதை நடக்கிறதா என்று பார். 'ஹிஸ்' என்றால் பெயரோடு 'ஸ்' சேர்த்துப் படி. "ராஜா அண்ட் ஹெர் சிஸ்டர்" எழுதிய பையன் தன் அம்பைத் தானே அழித்தது இந்தச் சோதனையில்தான்.

குரங்கு வாக்கியங்களுக்குத் திரும்பினோம். "மங்கீஸ் த்ரூ ஸ்டோன்ஸ்" என்று படித்துப் பார்த்த பிள்ளைகள் சிரித்தார்கள். மரத்தின்மேல் கல் ஏது? கல்லெறிந்தது பையன்கள் என்று முடிவாயிற்று. மூன்றாவது வாக்கியத்தில் சிக்கல் தீரவில்லை. கல்லடிபட்டு ஓடியது குரங்கு என்றார்கள் பலர். குரங்கு துரத்தினால் பையன்கள்தான் ஓடுவார்கள் என்றான் ஒருவன், கோயில் வாசலில் தனக்கே அப்படி நடந்ததாகச் சாட்சியும் சொன்னான். எழுதியவர் தெளிவாக எழுதவில்லை என்பதே சரியான விடை என்று ஆசிரியை ஒப்புக்கொண்டு, 'தே'வை அழித்துவிட்டு 'தி மங்கீஸ்' என்று எழுதினார். பிரதிப்பெயரை எடுத்துவிட்டுப் பெயரைப் போடுவதும் சரியான ஆங்கிலமாக இருக்கும் என்பதை வகுப்பு முதன்முதலாகக் கண்டது அப்போதுதான்.

"இட் வாஸ் ரெய்னிங்" என்று தொடங்கிய பத்தியில் வேறு கூத்து. அந்த 'இட்'டுக்கு எங்கே இழுப்பது? முன்னால் பெயரே இல்லை. ஒரு சிறுமி தாளின் மேல் விளிம்பு வரை அம்பை இழுத்து, அங்கே ஒரு மேகம் வரைந்திருந்தாள். மழை, மணி, தூரம் இவற்றைச் சொல்லும்போது 'இட்' யாரையும் சுட்டுவதில்லை, இடத்தை நிரப்ப மட்டும் நிற்கிறது என்று சொல்லி, அதற்கு வட்டம் போதும், அம்பு வேண்டாம் என்று விதி வைத்தோம். மேகத்தை அழிக்கச் சொல்லவில்லை.

விலங்குகளைப் பற்றியும் கேள்வி வந்தது. நன்னூல் மக்கள், தேவர், நரகர் மூவரையும்தான் உயர்திணையில் சேர்க்கிறது. ஆடும் மாடும் அஃறிணை, அவ்வளவுதான். ஆங்கிலக் கதையிலோ சிங்கம் 'ஹீ' ஆகிறது, கோழி 'ஷீ' ஆகிறது. ஆளாகப் பேசி நடக்கும் விலங்குக்கு ஹீ, ஷீ. மற்றதற்கு இட் என்று வைத்துக்கொண்டோம். வீட்டு நாயை ஆங்கிலேயர் ஹீ என்பதைப் பெரிய வகுப்புக்கு விட்டுவிட்டோம்.

நோட்டு மாற்றிப் படித்தல்

நவம்பரில் தாங்கள் பார்த்த ஒரு சண்டையைப் பற்றி எழுதச் சொன்னோம். சண்டை என்றால் இரண்டு பேர் வேண்டும். அவர்கள் ஒரே பாலாக இருந்தால் 'ஷீ' மட்டும் போதாது. எழுதிய நோட்டைப் பக்கத்தில் இருப்பவர் வாங்கி அம்பு போட வேண்டும்.

ஒருத்தி தன் அக்காவுக்கும் சித்தி மகளுக்கும் குழாயடியில் நடந்த சண்டையை எழுதியிருந்தாள். "ஷீ புஷ் ஷீ. ஷீ ஃபால்." தோழி அம்பு போட்டதில் அக்கா குற்றவாளி ஆகிவிட்டாள். எழுதியவளுக்குக் கோபம்: "எங்கள் அக்கா தள்ளவே இல்லை, அவள்தான் தள்ளினாள்!" "நீதான் அப்படி எழுதியிருக்கிறாய்" என்றாள் தோழி. ஆசிரியை நடுவில் போகவில்லை. எழுதியவள் நோட்டைப் பிடுங்கி, முதல் 'ஷீ'யை அடித்துச் சித்தி மகளின் பெயரை எழுதினாள். இரண்டாவதை அடித்து 'மை சிஸ்டர்' என்று எழுதினாள். அடுத்த வாக்கியத்தின் 'ஷீ'யை அடிக்கப் போய், நிறுத்தி, தோழியைப் பார்த்து, "விழுந்தது யார் என்று இப்போது தெரிகிறதா?" என்று கேட்டுவிட்டு அப்படியே விட்டாள். தள்ளப்பட்டவளுக்கு 'ஷீ' வராது, 'ஹெர்' வரும் என்பதை ஆசிரியை இந்த இடத்தில் வைத்தே விளக்கினார். 'அவள்' என்பதோடு 'ஐ' சேர்ந்து 'அவளை' ஆவது நம் வழி. அங்கே சொல்லே மாறுகிறது.

இதே வாரத்தில் நல்ல மாணவன் ஒருவன் எங்களைத் திணறடித்தான். "ராஜா டோல்ட் ஹிஸ் ஃபாதர் தட் ஹிஸ் சைக்கிள் வாஸ் மிஸ்ஸிங்." எந்தச் 'ஹிஸ்' யாருடையது? சைக்கிள் ராஜாவுடையதா, அப்பாவுடையதா? தமிழில் 'தன் சைக்கிள்' என்றால் ராஜாவுடையது, 'அவருடைய சைக்கிள்' என்றால் அப்பாவுடையது. "இங்கிலிஷில் 'தன்' கிடையாதா டீச்சர்?" என்று கேட்டான். இந்த இடத்தில் வராது என்பதுதான் பதில். ஆங்கிலேயர் என்ன செய்வார்கள் என்று அவன் விடவில்லை. ராஜா சொன்னதை மேற்கோள் குறிக்குள் 'மை சைக்கிள்' என்று எழுதலாம் என்று ஆசிரியை காட்டினார்.

விளைவு

அரையாண்டுத் தேர்வுக்குள், எழுத்தில் பெயரைத் திரும்பச் சொல்வது பெரும்பாலோரிடம் குறைந்திருந்தது. எழுவாயை விட்டெழுதுவது ஒரு சிலரிடம் மட்டும் தங்கியது. மரியாதைக்குத் 'தே' போடுவது ஏறக்குறைய மறைந்துவிட்டது.

பேச்சில் முன்னேற்றம் சொல்லும்படி இல்லை. எழுதும்போது 'ஷீ' என்று சரியாகப் போடும் பிள்ளையே பேசும்போது அம்மாவை 'ஹீ' என்கிறது. எழுத்தில் நின்று யோசிக்க நேரமிருக்கிறது, பேச்சில் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போது நிறுத்தித் திருத்த வேண்டாம், "யார்?" என்று மட்டும் கேட்கலாம் என்று வைத்திருந்தோம். சிலர் தாமே திருத்திக்கொண்டார்கள். சிலர் பேச்சையே நிறுத்திவிட்டார்கள்.

தேர்வு மதிப்பெண்ணில் வேறுபாடு தெரியவில்லை. வினாத்தாளில் பிரதிப்பெயருக்கு வந்தவை கோடிட்ட இடங்கள்தான். அவற்றை இந்தப் பிள்ளைகள் ஆகஸ்டிலேயே சரியாக எழுதினார்கள். தலைமையாசிரியர் இதைச் சுட்டிக்காட்டினார். பதிலுக்கு ஆசிரியை ஆகஸ்டு நோட்டையும் டிசம்பர் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அவர் இரண்டையும் புரட்டிவிட்டு, நான்காம் வகுப்புச் சார்ட்டையும் மாற்றச் சொன்னார்.

பின்தங்கியே இருந்த ஒரு மாணவனுக்கு இந்த முறை எதுவும் செய்யவில்லை. அவனால் சொற்களையே வாசிக்க முடியவில்லை. அம்பு போட்டது பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து. ஜனவரியில் அவனை இந்தப் பயிற்சிகளிலிருந்து எடுத்து, தனியாக வாசிப்பில் உட்கார வைத்தார் ஆசிரியை.

அடுத்த சுற்றுக்கு மாற்றியவை

புதிய சார்ட் இப்போது மூன்றாம் வகுப்பிலேயே தொங்குகிறது. ஐந்தில் வந்து கழற்றுவதைவிட அது எளிது. மரியாதையைப் பற்றிய பேச்சை முதல் நாளிலேயே எடுக்கிறோம். அம்புப் பயிற்சியில் பெயரை வைத்துப் படிக்கும் சோதனை தொடக்கத்திலிருந்தே சேர்ந்து வருகிறது. பத்திகளில் ஒரே பாலைச் சேர்ந்த இருவர் முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறார்கள், நவம்பர் வரை காத்திருப்பதில்லை. பேச்சுக்கு, படத்தைக் காட்டி இருவர் இருவராகப் பேசும் பத்து நிமிடத்தைத் தினமும் ஒதுக்கியிருக்கிறார் ஆசிரியை. இதன் பலனைச் சொல்ல இன்னும் காலம் ஆகவில்லை.

ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கும் பட்டதாரி ஆசிரியரிடம் ஏப்ரலில் ஒரு பக்கக் குறிப்பு கொடுத்தோம். அதில் இருந்தவை: பேச்சில் ஹீ, ஷீ குழப்பம் தொடர்கிறது, 'இட்ஸ்' என்பதில் எங்கே அபாஸ்ட்ரஃபி (மேலே வரும் ஒற்றைக் குறி) வரும், எங்கே வராது என்பதைத் தொடவில்லை, "வென் ஷீ கேம் ஹோம், மீனா..." என்று பெயர் பின்னால் வரும் வாக்கியங்களைக் காட்டவே இல்லை, சைக்கிள் கேள்வி கேட்ட மாணவனுக்கு இன்னும் சில வாக்கியங்கள் கொடுக்க வேண்டும்.